பார்ன்ஸ்வர்த் இல்லம்

பார்ன்ஸ்வர்த் இல்லம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், பிளானோ நகருக்கு அருகே ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஒரு வீடு ஆகும். சிக்காகோ மருத்துவர் எடித் பார்ன்ஸ்வர்த் வார இறுதிகளில் தங்குவதற்காக, கட்டிடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ இதனை வடிவமைத்தார். 1951 ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்டது.

இதன் வெளிச்சுவர்கள் முழுவதும் கண்ணாடியால் ஆனவை. குளியலறைகளைக் கொண்ட நடுப்பகுதி தவிர, மூடிய அறை எதுவும் கிடையாது.

நூல்கள் பெரும்பாலும் இவ்வடிவத்தையே புகழ்கின்றன. வீடு கட்டுவிக்க எண்ணுவோருக்கோ இதன் வழக்கே கூடிய பயனுடையது. கட்டிடக்கலைஞரின் கட்டணம் பற்றி எழுத்துமூல ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. செலவும் முதல் மதிப்பீட்டைத் தாண்டியது. மீஸ் பணம் கோரி வழக்குத் தொடுத்தார், எடித் எதிர்வழக்கிட்டார். தீர்ப்பு மீசுக்குச் சாதகமாக அமைந்தது. வெப்பம், மறைவின்மை என்பன குறித்துக் குறைகூறிய எடித், ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவ்வீட்டைப் பயன்படுத்தினார்.