அலை தின்ற கரையில் ஒரு தை மாத நடை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால், தரங்கம்பாடிக் கடற்கரையில் காலை எட்டு மணிக்குக்கூட வெயில் உறைக்காது. மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, அரை நாள் நடந்தால் போதும். நானூறு ஆண்டுச் சரித்திரத்தைக் கால்நடையாகவே பார்த்துவிடலாம்.

நகர வாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718-ல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இந்த வீதியில்தான் இருக்கின்றன. 1706-ல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் இதே ஊரில் அச்சாகி வெளிவந்தது. அவரது கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது.

வீதி முடியும் இடத்தில் கடல். எதிரே டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்காரர்கள் 1620-ல் எழுப்பியது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது.

கோட்டையிலிருந்து வடக்கே மணலில் கொஞ்ச தூரம் நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில். 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. பழைய கற்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. எஞ்சியதைக் காக்க, கரையில் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்து மோதும்போதெல்லாம் அந்தக் கற்கள்தான் அடி வாங்குகின்றன.

கடல் இங்கே கல்லை மட்டும் எடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ம் தேதி காலை வந்த சுனாமி, இந்த மீனவக் கிராமத்தில் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தது. ஆண்டுதோறும் அதே நாளில், இந்தக் கரையோர ஊர்களில் கடலில் பாலூற்றி, மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். மறுபடி அதே கடலுக்குத்தான் படகைத் தள்ளுகிறார்கள். பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அலை அமைதியாகத் தெரிந்தாலும் குளிக்க இறங்க வேண்டாம். தடுப்புப் பாறைகளில் பாசி வழுக்கும். படம் எடுப்பதற்காகக் குழந்தைகளை ஏற்றிவிடாதீர்கள். தண்ணீர் பாட்டிலையும் தின்பண்ட உறைகளையும் கையோடு திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். கோயிலைப் பார்க்காமல் மட்டும் திரும்பாதீர்கள். இன்றைக்கு நாம் நடக்கிற மணல் அடுத்த தலைமுறைக்கும் இருக்கும் என்பதற்கு இங்கே உத்தரவாதம் இல்லை.