ஓக் தரையில் ஒரு மைக்கறை

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்கள், சாவி கைக்கு வந்ததும் அறை மூலையில் கார்பெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய வீடு என்றால் அடியில் ஓக் பலகை இருக்க நல்ல வாய்ப்புண்டு. முக்கால் அங்குலத் தடிமன், இரண்டேகால் அங்குல அகலம், நாக்கும் காடியுமாகக் கோத்து ஆணியடித்த பலகைகள். போருக்குப் பின் ஜார்ஜியா மாநிலத்து டால்டன் நகர ஆலைகள் மலிவு விலையில் கார்பெட்டைத் தயாரித்துக் குவித்தன. அப்போது பல குடும்பங்கள் இந்த நல்ல மரத்தை மூடிவிட்டு அதன் மேல் நடந்தன. பேரப்பிள்ளைகள் இப்போது கிழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிழித்தவர்களுக்கு மரத்தோடு சேர்ந்தே கிடைப்பது கறுப்புக் கறை. வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒழுகிய இடத்தில் ஒரு திட்டு, பூந்தொட்டி இருந்த இடத்தில் ஒரு வட்டம், ஆணித்தலைகளைச் சுற்றிப் புள்ளிகள். சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது. குளோரின் ப்ளீச் ஊற்றினால் சுற்றியுள்ள மரம் வெளுக்கும், கறை அப்படியே இருக்கும். அழுக்கு என்று நினைத்துத் தேய்க்கிறோம். அது அழுக்கே இல்லை, மை.

ஓக் மரத்தில் துவர்ப்புச் சத்தான டானின் நிறைய உண்டு. ஆணியிலிருந்தோ இரும்புக் குழாயிலிருந்தோ துளி இரும்பு தண்ணீரில் கரைந்து அதைத் தொட்டால் போதும், நீலங்கலந்த கறுப்பு பிறந்துவிடும். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதியதே இந்தக் கறுப்பில்தான். ஓக் மரத்தில் பூச்சி உண்டாக்கும் காய் போன்ற முடிச்சுகளை இடித்து, இரும்பு உப்போடு சேர்த்து மை காய்ச்சினார்கள். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 1776-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி அந்த மையில் எழுதியதுதான். நம் பக்கத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் இதே வேலையைச் செய்தன. கடுக்காய் ஊறிய துணியில், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த நீரால் கோடிழுத்தால் கலம்காரிக் கறுப்பு எழும். வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மணை கறுத்துப்போவதும் இதே சங்கதிதான்.

ஆக, இந்தக் கறையில் பாதியை மரமே தயாரித்திருக்கிறது. பிசுக்கை நீக்கும் சோப்பு இதை என்ன செய்யும்? எல்லாக் கறைக்கும் வினிகர் என்று ஒரு கைவைத்தியம் உண்டு. இங்கே அது வினையில் முடியலாம். ஸ்டீல் ஊல் எனப்படும் இரும்புப் பஞ்சை வினிகரில் ஊறப்போட்டு, அந்த நீரை ஓக்கின் மேல் பூசி, வேண்டுமென்றே கறுப்பாக்குவது மரவேலைக்காரர்களின் பழைய உத்தி. வினிகரைத் தெளித்து இரும்புப் பஞ்சால் தேய்க்கிறவர் தெரியாமல் அதையே செய்கிறார். ஈர ஓக்கில் இரும்புப் பஞ்சே கூடாது. ஒடிந்த இழைகள் துளைகளில் தங்கித் துருப்பிடித்துப் புதிய புள்ளிகளைக் கொடுக்கும்.

இதற்கு மருந்து ஆக்ஸாலிக் அமிலம். புளியாரைக்கு அந்தப் புளிப்பைத் தருவதும், சேம்பு நாக்கை அரிக்கவைப்பதும், சிறுநீரகக் கல்லில் கால்சியத்தோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பதும் இதன் குடும்பம்தான். இரும்பைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றிவிடும். இரும்பு விலகியதும் கறுப்பும் விலகும், மரத்தின் சொந்த நிறம் பெரிதாக மாறாது. அமெரிக்கச் சமையலறைகளில் இன்றும் இருக்கும் ‘பார் கீப்பர்ஸ் ஃபிரெண்ட்’ பொடி 1882-இல் இண்டியானாபொலிஸில் பிறந்தது. ருபார்ப் கீரைத்தண்டு வேகவைத்த பாத்திரம் பளபளத்ததைப் பார்த்து அதை உருவாக்கினார்கள் என்று கதை சொல்வார்கள். அதில் வேலை செய்வதும் இந்த அமிலம்தான். தரைக்கு அந்தப் பொடி போதாது. மர ப்ளீச் என்று ஹார்டுவேர் கடைகளில் விற்கும் வெள்ளைப் படிகம் வேண்டும்.

முதலில் கறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெள்ளைப் புகைபோலத் தெரிந்தால் ஈரம் மேல்பூச்சில்தான் சிக்கியிருக்கிறது, மரத்துக்கு ஒன்றுமில்லை. கறுப்பாக இருந்தால் பூச்சைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அப்போது வார்னிஷைச் சுரண்டியோ உப்புத்தாளால் தேய்த்தோ நீக்கி, வெற்று மரத்தை வெளியே கொண்டுவர வேண்டும். பூச்சின் மேல் ஊற்றும் அமிலம் வீண்.

ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் நூறு கிராம் படிகம். உலோகப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள்ளுங்கள். கறையில் மட்டும் தடவினால் அந்த இடம் மட்டும் தெளிந்து தேமல்போலத் தனியே தெரியும். முழுப் பலகைக்கும் இணைப்புவரை பூச வேண்டும். சில நிமிடங்களில் கறுப்பு சாம்பலாக இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆழக்கறைக்கு இரண்டு மூன்று பூச்சு தேவைப்படலாம். பிறகு ஈரத்துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தெடுத்து, சமையல் சோடா கரைத்த நீரால் மிச்ச அமிலத்தை அடக்கி, மறுபடி சுத்தத் தண்ணீர். நன்றாகக் காய்ந்தபின்தான் லேசாக உப்புத்தாள். சரியாகத் துடைக்காமல் தேய்த்தால் காய்ந்த படிகம் தூசியாகி மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் அவசியம். குளோரின் ப்ளீச் ஊற்றிய தரையில் கழுவாமல் இதை ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

நாய் பூனை மூத்திரக் கறை வேறு ரகம். மூத்திரம் பழசாகும்போது வரும் அம்மோனியா டானினைக் கறுக்கவைக்கிறது. இரும்புக்குக் கேட்கும் அமிலம் இதற்குப் பாதிதான் கேட்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு நனைத்த துணியைப் போட்டு மணிக்கணக்கில் மூடிவைப்பவர்கள் உண்டு. அதிகமானால் மரமே வெளுத்துவிடும். நூறு ஆண்டுகளுக்கும் முன் அமெரிக்க மரச்சாமான் தயாரிப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லி, ஓக் நாற்காலிகளைக் காற்றுப்புகாத அறையில் அம்மோனியா ஆவிக்குள் அடைத்துவைத்து ஆழ்ந்த பழுப்பு நிறம் வரவழைத்தார். அந்த நாற்காலிகள் இன்று ஏலத்தில் விலைபோகின்றன. நாய் செய்தால் மட்டும் கறை!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பலகைமேல் தார்போலப் பிசுபிசுக்கும் கறுப்பைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். அது பழைய தரை ஓடுகளை ஒட்டிய பசையாக இருக்கலாம். அந்தக் காலத்துப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. ஆய்வகத்தில் சோதிக்காமல் அதன்மேல் உப்புத்தாள் வைக்கக் கூடாது. 1978-க்கு முந்தைய வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதற்கும் இதே எச்சரிக்கை.

எதற்கும் மசியாத பலகையைப் பெயர்த்துவிட்டு வேறு பலகை கோப்பதே மேல் என்பது என் கட்சி. மெஷினை வைத்து விடாமல் தேய்த்தால் அந்த இடத்தில் குழி விழும், காடியின் மேல்விளிம்பு மெலிந்து பிளக்கும். மாற்றுப் பலகையை அதே வீட்டின் அலமாரி அடியிலிருந்து எடுத்தால் வயதும் நிறமும் பொருந்தும். ஆணித்தலையைச் சுற்றிய சிறு கறுப்பை நான் தொடவே மாட்டேன். பழைய ஓக் என்றால் அது இருக்கத்தான் செய்யும்.

பலகை மாற்றவும் பணமில்லாதவர்கள் தரை முழுவதற்கும் அடர்நிறச் சாயம் அடித்துக் கறையை அதற்குள் மறைத்துவிடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கறுத்த தரையில் தூசியும் நாய்முடியும் பளிச்சென்று தெரியும், ஒரு வேளை பெருக்கிய இடத்தில் இரண்டு வேளை பெருக்க வேண்டியிருக்கும்.