அம்புகள் சரி, ‘எல்ஸ்’ எங்கே?

மென்பொருளின் பகுதிகள் ஒன்றுக்கொன்று எந்த வரிசையில் பேசிக்கொள்கின்றன என்று காட்டும் சீக்வென்ஸ் டயகிராம் போட மவுஸால் கட்டம் கட்டமாக இழுத்துக்கொண்டிருந்த காலம் மலையேறுகிறது. நாலு வரி டைப் அடித்தால் படம் தயார். 2009-ல் வந்த பிளாண்ட்யூஎம்எல், 2014-ல் வந்த மெர்மெய்ட் ஆகிய இரண்டு கருவிகளும் இந்தப் பழக்கத்தை ஊன்றின. 2022 பிப்ரவரி முதல் கிட்ஹப் தளமே மெர்மெய்ட் வரிகளைப் படமாக்கிக் காட்டுகிறது.

இந்த வகைப் படத்துக்கு எழுத்து இயல்பாகவே பொருந்துகிறது. படத்தில் நேரம் மேலிருந்து கீழே ஓடுகிறது. நாம் எழுதும் வரிகளும் அப்படித்தான். ஒரு வரிக்கு ஓர் அம்பு. மொபைலில் கடைக்குப் பணம் கட்டுவதை இப்படி எழுதலாம்:

செயலி->>வங்கி: 500 ரூபாய் எடு
வங்கி-->>செயலி: எடுத்தாச்சு
செயலி->>கடை: பணம் கட்டியாச்சு

பதில் அம்பு மட்டும் புள்ளிக்கோடாக வரும். நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே இந்த வரிகளும் கிடப்பதால், எந்த அம்பை யார், எப்போது மாற்றினார் என்பது ரிவ்யூவில் பளிச்செனத் தெரியும். படக் கோப்பாக ஒட்டிவைத்த டயகிராமில் இது நடக்காது. ஒயிட்போர்டே போதும் என்பவர்கள் உண்டு. முதல் நாள் பேச்சுக்கு அது போதும்தான்.

என் கவலை வேறு. மேலே உள்ள மூன்று வரிகளைத் திரும்பப் பாருங்கள். வங்கி பணத்தை எடுத்துவிட்டது, ஆனால் ‘எடுத்தாச்சு’ என்ற பதில் வழியிலேயே தொலைந்தது என்றால்? செயலி மறுபடி கேட்டால் 500 ரூபாய் இரண்டாவது முறையும் போகலாம். படத்தில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை. வசதி இல்லாமலில்லை, ‘இப்படி நடந்தால்’, ‘இல்லாவிட்டால்’ என்று கிளை பிரிக்கும் ‘ஆல்ட்’, ‘எல்ஸ்’ இரண்டு கருவிகளிலும் உண்டு. ‘எல்ஸ்: பதில் வரவில்லை’ என்று போட்டு, அதே பரிவர்த்தனை எண்ணை வைத்து நிலையை விசாரிக்கும் ஓர் அம்பைச் சேர்க்க ஒரு நிமிடம் போதும். அதைத்தான் எழுதாமல் விடுகிறோம். படம் சுத்தமாக வந்துவிடுவதால் மீட்டிங்கில் யாரும் கேட்பதுமில்லை.

இப்போது குறிப்பைக் கொடுத்தால் ஏஐ இந்த வரிகளையும் எழுதித் தருகிறது. குறிப்பில் தோல்வியைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால், அதை விட்டுவிடும். அல்லது நம் சிஸ்டத்தில் இல்லாத ஒன்றை நம்பும்படி போட்டுவைக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதை உண்மையென்றே படிப்பார்.

ஆகவே டீம்கள் ஒரு விதி வைக்க வேண்டும்: வெளியே போகும் ஒவ்வொரு அம்புக்கும், பதில் வராவிட்டால் என்ன என்பதை எழுதாத படத்துக்கு ரிவ்யூவில் ஒப்புதல் இல்லை.