முகூர்த்தம் முடிந்தது, ஆல்பம் எங்கே?

கல்யாண ஆல்பம் வரவில்லை என்று எங்கள் நுகர்வோர் அமைப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ரசீது இருக்கா?" என்பதுதான். பெரும்பாலும் ஒரே பதில்: "தெரிஞ்ச பையன்தாங்க, சித்தப்பா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தவர். கையிலயே குடுத்துட்டோம்." சமையல்காரரிடம் இலைக்கு எவ்வளவு என்று ஒரு வாரம் பேரம் பேசி, காலை டிபனுக்கு வடையா போண்டாவா என்பதைக்கூட எழுதி வாங்கிய குடும்பம்தான் இது. போட்டோகிராபரிடம் லட்ச ரூபாய் கொடுக்கும்போது மட்டும் பேனாவுக்கு வேலை இல்லை.

வருகிற கதைகளும் மாறுவதில்லை. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காதும் குத்தியாயிற்று, கல்யாண ஆல்பம் இன்னும் டிசைனிங்கில் இருக்கிறது. சாம்பிள் காட்டியவர் ஒருவர், மண்டபத்துக்கு வந்ததோ முகம் தெரியாத இரண்டு பையன்கள். எல்லாவற்றிலும் மோசமானது, "ஹார்ட் டிஸ்க் கிராஷ் ஆயிடுச்சு சார்." அந்த ஒரு வரியோடு தாலி கட்டிய நொடி போய்விடுகிறது. அதை எந்த நீதிமன்றமும் திருப்பிக் கட்ட வைக்க முடியாது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி இரண்டே விஷயம் சொல்கிறேன். இன்ஸ்டாகிராமில் உள்ள முப்பது நல்ல படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முப்பது கல்யாணத்தில் தலா ஒரு நல்ல படம் யாருக்கும் அமையும். ஒரே கல்யாணத்தின் முழுப் படங்களையும் கேளுங்கள். விடியற்காலை முகூர்த்தம், ஹோமப் புகை, மஞ்சள் பல்பு, மணமக்களைச் சுற்றி மறைத்து நிற்கும் சொந்தக்காரர்கள், இத்தனைக்கும் நடுவே மூன்று முடிச்சும் தெரிகிறதா பாருங்கள். மாநிறப் பெண்ணை மைதா மாவாக்கி வைத்திருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அடுத்தது, பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ நாலு மண்டபத்தை ஒப்புக்கொண்டு தினக்கூலிக்கு ஆள் பிடித்து அனுப்புவது ஊரறிந்த சங்கதி. "எங்க மண்டபத்துக்கு வர்றது யார்?" என்று பெயர் கேளுங்கள்.

இனி காகிதம். முத்திரைத்தாள், நோட்டரி எதற்கும் அலைய வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், இருவர் கையெழுத்து போதும். ஆனால் அதில் இருக்க வேண்டியவை இருக்க வேண்டும்: தேதி, மண்டபம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வரப்போகிறவர்களின் பெயர், எத்தனை கேமரா, கேண்டிட் தனியா, ஆல்பம் எத்தனை ஷீட், மொத்தத் தொகை, அட்வான்ஸ், எந்தத் தேதிக்குள் என்ன தருவார். "சீக்கிரம்" என்பது தேதி அல்ல. விமான நிலையத்தை ஒட்டிய மண்டபமென்றால் ஹெலிகேம் அனுமதி யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருந்தால் பயப்பட வேண்டாம். அச்சில் வந்துவிட்டதாலேயே அது சட்டமாகிவிடாது.

படங்கள் யாருடையவை என்பதில் ஸ்டூடியோக்காரர்களே குழம்பியிருக்கிறார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். "வேறு ஒப்பந்தம் இல்லாதவரை" என்பதைக் கவனியுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவத்தில் உரிமை ஸ்டூடியோவுக்கு என்று இருந்தால் கதை மாறிவிடும். உங்களைக் கேட்காமல் படத்தை விளம்பரத்துக்குப் போடக் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.

பில் இல்லாமல் செய்தால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள். மிச்சம்தான். நாளைக்கு வழக்கு என்று வந்தால் உங்கள் கையில் மிஞ்சுவதும் ஒன்றுமில்லை. குறைந்தபட்சம் பணத்தை யுபிஐயிலோ வங்கி மூலமோ அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ரிசப்ஷனுக்குப் போகும்போது மொய் நோட்டோடு ஒரு இரண்டு டிபி ஹார்ட் டிஸ்க்கும் எடுத்துப் போங்கள். மண்டபத்தைக் காலி செய்வதற்குள் மெமரி கார்டில் இருப்பதை அப்படியே அதில் நகல் எடுத்து வாங்கிவிடுங்கள். இதற்குச் சம்மதிப்பதாக முன்பே அந்தக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள், அன்றிரவு சண்டை வராது.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லியாக வேண்டும். மூவாயிரம் படத்தில் ஆல்பத்துக்கு நூற்றைம்பதைத் தேர்ந்தெடுத்துத் தர ஏழெட்டு மாதம் இழுக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தைக்கும் நாத்தனாருக்கும் சமமாகப் படம் விழ வேண்டுமே! வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது இதைத்தான்: "இவங்க செலக்ட் பண்ணியே தரலை." தேர்வுப் பட்டியலை எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதற்கு வாட்ஸ்அப்பிலாவது சாட்சி இருக்கட்டும்.

சரி, ஏமாந்தாயிற்று. எங்கே போவது? பலர் நேராகக் காவல் நிலையம் போகிறார்கள். "இது சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். ஆல்பம் தாமதம் என்றால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால், செய்யும் எண்ணமே இல்லாமல் பல பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடியவன் என்றால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவு. அதையும் சிவில் என்று தள்ளிவிடுகிற இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். சளைக்காமல் அதே புகாரைத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அதற்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4) வழி தருகிறது. இன்னும் சிலர் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்று மனு கொடுக்கிறார்கள். அது இலாகா இலாகாவாகச் சுற்றி, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற காகிதமாகத் திரும்பி வரும்.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அதற்கு முன்னால் ஒரு கடிதம். ஒப்பந்தத் தேதி, கொடுத்த தொகை, வராத பொருள், 15 நாள் கெடு, இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் பட்டுவாடா ஆனதற்கான இணைய அச்சையும் பத்திரப்படுத்துங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். சில நேரம் அதிலேயே முடிந்துவிடும்.

கெடு தாண்டினால் புகார் மனு. கல்யாணம் எங்கே நடந்திருந்தாலும், ஸ்டூடியோ எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே போடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த வசதி இது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஒப்பந்தத் தாள், பணம் போன விவரம், கடித நகல், அழைப்பிதழ், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, பிரமாணப் பத்திரம் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு இணையுங்கள். வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போன் மாற்றும் முன் நகல் எடுங்கள்.

மனுவில் பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு, எடிட் செய்யாத மூலப் படங்கள் அனைத்தும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததைக் கொடுக்கச் சொல்லி வாதாட முடியாது. படங்கள் அவர் கையில் மட்டும்தான் இருக்கின்றன என்றால், அவற்றை அழிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கேட்டு ஒரு மனுவும் கூடவே போடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை ஆணையத்துக்குத் தருகிறது. பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை.

வழக்குக்கான காலம் இரண்டு ஆண்டு. "அடுத்த மாசம் தர்றேண்ணா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார், நீங்களும் தலையாட்டிக்கொண்டே இருப்பீர்கள், காலம் போய்விடும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் தெரிந்த பையனாச்சே என்று விட்டுவிட்டோம் என்பதை ஆணையம் தக்க காரணமாக எடுத்துக்கொள்ளுமா? ஆல்பம் தருவதாக எழுதிய தேதியோடு இரண்டு ஆண்டைக் கூட்டிக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதியே எழுதவில்லையா? அப்படியானால் அந்த 15 நாள் கெடுக் கடிதத்தை இன்றைக்கே அனுப்புங்கள்.