பழுதும் வரலாறும்: ஜேர்மன் சிறு வானொலியின் மின்வழுக்கள் பற்றிய ஒரு குறிப்பு

பண்பாட்டு வரலாற்றை ஆராய்வோர் நூல்களைச் சான்றாகக் கொள்ளும் அளவுக்குக் கருவிகளைக் கொள்வதில்லை. தொடர்புச் சாதனங்கள் தாம் தோன்றிய சமுதாயத்தின் உறவுகளைத் தம்முள் பொதிந்துள்ளன என்பதை ஏற்போமாயின், பழைய வானொலியொன்றைப் பழுதுபார்த்தலும் ஓர் ஆய்வுமுறையே ஆகும். 1938இல் நாசி ஆட்சியின்கீழ் 35 மார்க் விலைக்கு வெளிவந்த டி.கே.ஈ. 38 என்னும் வானொலியை இங்கு எடுத்துக்கொள்வோம். மக்கள் இதனைக் ‘கொயபெல்சின் மூஞ்சி’ என எள்ளினர்.

மலிவு இதன் மின்சுற்றிலேயே எழுதப்பட்டுள்ளது. இதில் இரண்டே வால்வுகள். வீ.சி.எல். 11 ஒரே குமிழினுள் இரு வால்வுகளின் வேலையைச் செய்கிறது, வீ.வை. 2 சீராக்கி. மின்வழங்கலுக்கு நிலைமாற்றி இல்லை. வால்வுகளின் இழைகள் தொடராக இணைக்கப்பட்டு முறையே 90, 30 வோல்ற்றை ஏற்கின்றன. 220 வோல்ற்று வழங்கலில் எஞ்சிய 100 வோல்ற்றைத் தொடர்த்தடை ஏற்கிறது. ஆகவே ஓர் இழை அறுந்தாலும் இரு வால்வுகளும் குளிர்ந்தே கிடக்கும். தடையையும் இழைகளையும் மின் இணைக்காமலே ஓம்மானியால் சோதித்தல் முதற்படியாகும்.

நிலைமாற்றி இன்மையின் மற்றொரு விளைவு ஆபத்தானது. மின்வழங்கலின் ஒரு முனை சட்டகத்துடன் நேரே இணைந்துள்ளது. வான்கம்பியைப் பிரித்து வைக்கும் கொள்ளளவி கசியுமாயின் அக்கம்பியிலும் மின் பாயும். எனவே அக்கொள்ளளவியை மாற்றிய பின்னர், தனிமைப்படுத்தும் நிலைமாற்றி வழியாகவும் தொடரில் ஒரு மின்குமிழை இணைத்தும் மட்டுமே மின் கொடுக்க வேண்டும். குமிழ் தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் எங்கோ குறுஞ்சுற்று உண்டு.

அடுத்து, ஒலிப்பகுதியின் இணைப்புக் கொள்ளளவி. காகிதத்தாலான இது காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக் கசியும். அப்போது முற்பகுதியின் நேர் அழுத்தம் வெளியீட்டுப் பகுதியின் நெய்யரியை அடையும், ஒலி திரிபடையும், மிகை மின்னோட்டத்தால் இன்று அரிதாகிவிட்ட வீ.சி.எல். 11 அழியும். கொள்ளளவியின் நெய்யரிப்பக்க முனையைக் கழற்றி அளக்கையில் நிலையான நேர் அழுத்தம் காணப்பட்டால் அதனை மாற்றுவதே வழி. இடையறாத இரைச்சல் வடிப்புக் கொள்ளளவிகள் வற்றியதைக் குறிக்கும். ஒலி மெலிவதற்கு வால்வின் தேய்வோ, பெறுமானம் உயர்ந்துவிட்ட தடைகளோ காரணமாகலாம்.

இவை சீரான பின்னும் பெட்டி மௌனமாயிருப்பின் அதனைப் பழுதென உடனே கொள்ளலாகாது. டொய்ச்லாண்ட்பங்க் நிலையம் நெட்டலை ஒலிபரப்பை 2014இன் இறுதியிலும் மத்திய அலை ஒலிபரப்பை 2015இன் இறுதியிலும் நிறுத்திவிட்டது. சைகைப் பிறப்பாக்கி கொண்டே சோதித்தல் வேண்டும்.

சீராக்கப்பட்ட பெட்டி நமக்கு உணர்த்துவது யாது? அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்க இயலாதவாறே இது ஆக்கப்பட்டதெனக் கூறுவர். சுற்று அதனை மறுக்கிறது. நல்ல வான்கம்பியும் இரவு நேரமும் வாய்த்தால், பின்னூட்டலை நுட்பமாகத் திருகித் தொலைநிலையங்களையும் இதில் பெறலாம். அதனாலன்றோ 1939 செப்டெம்பர் 1ஆம் திகதிய ஆணை அயல் ஒலிபரப்பைக் கேட்டலையே குற்றமாக்கிற்று. கேட்டதைப் பரப்பியோருக்கு மரண தண்டனையும் விதிக்க இடமளித்தது. கருவி செய்யாததைச் சட்டமும் அச்சமும் செய்தன.

பின்னூட்டல் மிகையாயின் இப்பெட்டி அலைவுற்று, தானே அலைகளை உமிழ்ந்து அயலவரின் வானொலியிலும் ஊளையிடும். வானொலி விநியோகக் கருவியாக மட்டுமன்றிப் பரிமாற்றக் கருவியாகவும் மாற வேண்டுமென 1932இல் பெர்தோல்ட் பிறெக்ற் வாதிட்டார். வாங்கியும் அனுப்பியும் ஒருங்கே இயங்கும் இயல்பு அலைவாங்கியிலேயே உண்டு. அதனைத் தடுத்தது உடைமையும் அரசுமே என்பது இவ்வூளையிலும் புலனாகிறது.

ஆதலின், மாற்றிய உறுப்புகளை எறிந்துவிடாது குறிப்புடன் பேணுதல் வேண்டும். சுவடியைப் பதிப்பிப்போர் பாடபேதங்களைக் காப்பது போன்ற கடமையே இதுவும். பளபளக்கும் வெளிக்கூடு மட்டும் எஞ்சுமாயின் அது அலங்காரப் பொருளாகும், சான்றாகாது.