டோக்கன் நம்பர் ஆள் ஆகாது

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, காக்களூர் என்று திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பேட்டைகளில் எந்த வாசலுக்குப் போனாலும் ஒரே கூரையின் கீழ் பல வகை ஆட்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். கம்பெனியின் நிரந்தரத் தொழிலாளி ஒருவர், காண்ட்ராக்டர் அனுப்பியவர் ஒருவர், அப்ரண்டிஸ் ஒருவர். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருபவரும் இருக்கிறார், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவரும் இருக்கிறார். இவர்கள் அத்தனை பேரின் வருகைப் பதிவும் ஓ.டி.யும் பி.எஃப்.உம் ஈ.எஸ்.ஐ.யும் மாதம் தவறாமல் ஏதோ ஒரு மென்பொருள் வழியாகத்தான் போகின்றன. அப்படிப்பட்ட மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டிருந்தால், நிரலாளர்கள் 'மேப்பிங் எரர்' என்று அலுத்துக்கொள்ளும் ஒரு வகைப் பிழை அதில் அடிக்கடி தலைகாட்டும். அதைக் கணினி அறையோடு முடிந்துபோகும் தொல்லை என்று நினைப்பது வழக்கம். என் கருத்து வேறு. இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை, ஆலையில் யார் யார், எது எதற்குச் சொந்தம் என்பதைத் தப்பாக முடிவு செய்ததால் வருபவை. அந்த முடிவைத் திருத்தாமல் பிழைச் செய்தியை மட்டும் மறையவைத்தால், நஷ்டம் கணினிக்கு இல்லை, தொழிலாளியின் பாஸ்புக்குக்கு.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். தகவல்களை வரிசையும் நெடுவரிசையும் கொண்ட அட்டவணைகளாக வைக்கலாம் என்ற முறையை எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். இன்றைய தரவுத்தளங்களில் மிகப் பல அந்த வழியில்தான் இயங்குகின்றன. ஜாவா நிரலோ உலகத்தைப் பொருள்களாகப் பார்க்கிறது. 'தொழிலாளி' ஒரு பொருள். அவருக்குப் பெயர் உண்டு, சேர்ந்த தேதி உண்டு, அவர் ஒரு காண்ட்ராக்டரைச் சேர்ந்தவர். அட்டவணையில் இருக்கும் வரிசையையும் நிரலில் இருக்கும் பொருளையும் ஒன்றோடு ஒன்று பொருத்தும் வேலையை ஒவ்வொரு நிரலாளரும் கையால் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 2001இல் கேவின் கிங் ஹைபர்நேட் என்ற கருவியைத் தொடங்கினார். 2006இல் ஜே.பி.ஏ. என்ற பொது விதிமுறையும் வந்தது. அதன்படி, சேமித்துவைக்க வேண்டிய ஒவ்வொரு பொருளுக்கும் என்டிட்டி என்று பெயர். எந்த என்டிட்டி எந்த அட்டவணைக்கு, எந்தப் புலம் எந்த நெடுவரிசைக்கு, ஒரு வரிசையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாள எண் எது என்று நிரலாளர் குறித்துக் கொடுக்க வேண்டும். மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். இந்தக் குறிப்பில் ஏதாவது பிசகினால் அதுவே மேப்பிங் பிழை.

இவற்றில் சத்தம் போடும் பிழைகளுக்கு அதிகம் பயப்பட வேண்டியதில்லை. 'நாட் எ மேனேஜ்டு டைப்' என்ற செய்தி வந்தால், அந்தப் பொருளைக் கருவி என்டிட்டியாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அண்மைக் காலத்தில் இதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. ஜாவாவின் நிறுவனப் பதிப்பை ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்த பிறகு, ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. ஜாவா நிரல்களுக்கான ஸ்பிரிங் என்ற சட்டகத்தில், 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 புதிய பெயரை மட்டுமே அறியும். பழைய பெயரில் குறித்த என்டிட்டியை அது குறை சொல்லாது, கண்டுகொள்ளவே செய்யாது. காரணம் தெரிந்துவிட்டால் திருத்துவது சில நிமிட வேலை. அடையாள எண் குறிக்கப்படவில்லை, அந்த நெடுவரிசை அட்டவணையில் இல்லை என்பன போன்ற செய்திகளும் இந்த இனம்தான். நிரல் நின்றுவிடும், சம்பளம் ஓடாது, யாராவது உடனே சரிசெய்வார்கள். கவலைப்பட வேண்டியது, எதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பை எழுதிவைக்கும் பிழைகளைப் பற்றி.

ஆலைகளில் வாசலில் கொடுக்கும் டோக்கன் நம்பரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 214 என்றால் அந்த மாதம் முழுக்க அவர் 214. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்பதால், அதையே அடையாள எண்ணாக வைத்துவிடத் தோன்றுவது இயல்பு. ஒருநாள் அந்தத் தொழிலாளி வேறு பிரிவுக்கு மாறுகிறார், புது டோக்கன் கொடுக்கிறார்கள். நிரலில் எண்ணை மாற்றப் பார்த்தால் ஹைபர்நேட் மறுக்கிறது: இந்தப் பொருளின் அடையாளம் மாற்றப்பட்டிருக்கிறது, இதை நான் சேமிக்க மாட்டேன் என்கிறது. இது மிக நேர்மையான எச்சரிக்கை. மாறக்கூடிய ஒன்றை அடையாளமாக வைத்திருக்கிறாய் என்று அது சொல்கிறது. அவசரத்தில் இருப்பவர் பழைய வரிசையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுவார், செய்தி போய்விடும். அதோடு, அந்த ஆளின் பழைய மாதக் கணக்குகள் அவரிடமிருந்து அறுந்துபோகும். இதைவிட மோசமானது அடுத்த கட்டம். 214 வேலையை விட்டுப் போகிறார், அதே டோக்கன் புதிதாக வந்தவர் கைக்குப் போகிறது. ஸ்பிரிங் வழங்கும் 'சேவ்' கட்டளை, எண் ஏற்கெனவே நிரப்பப்பட்ட பொருளைப் புதியதாகக் கருதாது, மேலும் ஏதும் சொல்லி வைக்காவிட்டால். அந்த எண்ணில் பழைய வரிசை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. போனவரின் சேவைக் காலம் வந்தவரின் பெயரில் நிற்கும். கருவி சொன்னதைச் செய்தது. ஒரே எண் என்றால் ஒரே ஆள் என்று அதற்குச் சொன்னது மனிதர்தான்.

இந்தச் சிக்கலை நாட்டளவில் சந்தித்த நிறுவனம் ஒன்று உண்டு. வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தொழிலாளிக்கு எண் கொடுத்ததே அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் கணக்குக்குள்தான். வேலை மாறினால் புது உறுப்பினர் எண். காண்ட்ராக்டர் மாறினாலும் அப்படியே. கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் ஒரே ஆலையில், ஒரே எந்திரத்தின் முன்னால் நின்றபடியே ஒருவருக்குக் காண்ட்ராக்டர் மட்டும் மாறக்கூடும். ஆள் நகரவே இல்லை, எண் மாறிவிட்டது. பழைய கணக்குகள் ஆங்காங்கே கிடக்க, அவற்றை ஒன்றுசேர்க்க விண்ணப்பத்தோடு அலைந்தவர்கள் ஏராளம். 2014இல் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்ததன் சாரம் இதுதான்: ஆளுக்கு ஓர் எண், அதன் கீழ் அவர் பார்த்த வேலைகளுக்கு எத்தனை உறுப்பினர் எண்கள் வேண்டுமானாலும். நிரலாளர் மொழியில் சொன்னால், ஒன்றுக்குப் பல என்ற உறவு. ஆள் வேறு, அவர் வகிக்கும் வேலை வேறு என்று பிரித்தார்கள். அதற்காக யு.ஏ.என்.ஐயே அட்டவணையின் அடையாள எண்ணாக வைத்துவிடவும் முடியாது. முதல்முறை வேலைக்கு வருபவருக்குச் சேரும் நாளில் அது இருக்காது. பழைய எண்ணைச் சொல்லாமல் சேர்ந்ததால் இரண்டு யு.ஏ.என். வாங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அடையாளம் என்பது எந்த அர்த்தமும் ஏறாத, தரவுத்தளமே உள்ளுக்குள் கொடுக்கும் எண்ணாக இருக்கட்டும். டோக்கன், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை யாரிடம் இருந்தது என்ற விவரத்தோடு தனி அட்டவணையில் நிற்கட்டும்.

பெயர் விஷயம் இன்னும் நம் ஊர்ச் சிக்கல். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு புலம் வைத்து, இரண்டும் காலியாக இருக்கக் கூடாது என்று குறித்துவிட்ட என்டிட்டிகள் மென்பொருள் உலகில் சர்வசாதாரணம். தமிழ்நாட்டில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து இனிஷியலாக நிற்கும். கல்யாணமானதும் கணவர் பெயருக்கு இனிஷியலை மாற்றிக்கொள்ளும் பெண்கள் உண்டு, மாற்றாதவர்களும் உண்டு. முருகன் என்று மட்டும் பெயருள்ள ஒருவரைப் பதிவு செய்யப் போனால், காலியாக இருக்கக் கூடாத புலம் காலியாக இருக்கிறது என்று ஹைபர்நேட் மறுக்கும். உடனே செய்யும் வைத்தியம், கடைசிப் பெயர் இடத்தில் ஒரு புள்ளி வைப்பது, அல்லது முதல் பெயரையே இரண்டாம் முறை அடிப்பது. பிழை மறைந்துவிடும். ஆனால் அந்தப் பதிவு ஆதாரில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாது. பி.எஃப். பணத்தை எடுக்கப் போகும்போது பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பும். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர் போன்றவற்றைத் திருத்தும் கோரிக்கைகள் அத்தனை குவிந்ததால்தான், 2025 ஜனவரியில் அந்த நிறுவனம் விதியைத் தளர்த்தியது. 2017 அக்டோபர் 1 முதல் ஆதாரோடு இணைத்து யு.ஏ.என். பெற்றவர்கள் பல விவரங்களை முதலாளியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் தாங்களே இணையத்தில் திருத்தலாம் என்றானது. நல்ல மாற்றம். ஆனால் புள்ளி வைத்தவர் ஆள்சேர்ப்பு நாளிலேயே யோசித்திருந்தால், திருத்த வேண்டியவர்கள் எத்தனையோ பேர் குறைந்திருப்பார்கள். ஆதாரில் உள்ளபடி முழுப் பெயருக்கு ஒரே புலம், தகப்பன் அல்லது கணவர் பெயருக்குத் தனிப் புலம் போதும்.

மற்றவை சிறியவை, ஆனால் அதே குணம். தொழிலாளி நிரந்தரமா, காண்ட்ராக்டா என்ற வகையைச் சேமிக்கும்போது, வேறு ஏதும் குறிக்காவிட்டால் ஜே.பி.ஏ. அந்தச் சொல்லை எழுதாது, பட்டியலில் அது எத்தனையாவது என்ற எண்ணை எழுதும். பின்னொரு நாள் நடுவில் அப்ரண்டிஸ் என்று ஒன்றைச் செருகினால், பழைய காண்ட்ராக்ட் ஆட்கள் அத்தனை பேரும் கணக்கில் அப்ரண்டிஸ் ஆகிவிடுவார்கள். வங்கிக் கணக்கு எண்ணை வெறும் எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் உதிர்ந்துபோகும். அதை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும். பணத்தை டபுள் என்ற வகையில் வைத்தால் 0.1 போன்ற எளிய எண்ணைக்கூடத் துல்லியமாகக் குறிக்க முடியாது. ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்று பைசாக் கணக்கு ஓடும் இடத்தில் ஜாவாவின் பிக்டெசிமல் அன்றி வேறெதையும் பயன்படுத்தக் கூடாது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சம்பளம் மாதத் தொடக்கத்தில் போயாக வேண்டும், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கெடு நெருங்கும் இரவில் ஒரு தற்காலிக ஒட்டு போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்; ஆனால் அது ஒட்டு என்று எழுதிவைத்து அடுத்த வாரமே பிரிக்க வேண்டும். அட்டவணையை ஹைபர்நேட்டே சரிசெய்துகொள்ளட்டும் என்று 'அப்டேட்' அமைப்பைப் போட்டுவிடலாமே என்பது இன்னொரு வாதம். அந்த அமைப்பு புது நெடுவரிசையைச் சேர்க்கும், பழையதைப் பெயர் மாற்றவோ நீக்கவோ செய்யாது. தகப்பன் பெயர் என்ற புலத்தைக் காப்பாளர் பெயர் என்று நிரலில் மாற்றினால், காலியான புது நெடுவரிசை ஒன்று முளைக்கும். பழைய தகவல் யாரும் படிக்காத பழைய நெடுவரிசையிலேயே கிடக்கும். நடப்பில் உள்ள தரவுத்தளத்துக்கு 'வேலிடேட்' அமைப்பே சரி. அது எதையும் மாற்றாமல், பொருந்தாத இடத்தில் நிரலை நிறுத்திவிடும். ஹைபர்நேட்டையே தூக்கிப்போட்டு தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல்.லை நேரடியாக எழுதினால் தொல்லை தீரும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. எச்சரிக்கை செய்யும் கருவிதான் போகும்; டோக்கனை ஆளாக எண்ணிய முடிவு அப்படியே இருக்கும். பிழைச் செய்தியை செயற்கை நுண்ணறிவிடம் ஒட்டித் தீர்வு கேட்பது இன்று எளிது. அது செய்தியை நன்றாகவே விளக்கும். கேட்பவர் சொல்லாதவரை, உங்கள் ஆலையில் டோக்கன் கைமாறும் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே பிழை தேடும்போது ஒரு வரிசையைப் பின்பற்றச் சொல்வேன். நீண்ட பிழைப் பட்டியலின் மேல்வரியில் நின்றுவிடாமல், 'காஸ்டு பை' என்று தொடங்கும் வரிகளில் கடைசியானதைப் படிக்க வேண்டும். மூல காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு ஹைபர்நேட் உண்மையில் அனுப்பும் எஸ்.க்யூ.எல். கட்டளையைத் திரையில் வரவழைத்து, அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். நிரல் ஒன்றைச் சொல்கிறது, அட்டவணை இன்னொன்றைச் சொல்கிறது என்று தெரிந்ததும், இரண்டில் எது சரி என்று நிரலாளர் தானாக முடிவு செய்யக் கூடாது. டைம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவரை, காண்ட்ராக்டரின் மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டும். ஒருவர் விட்டுப்போன டோக்கன் இன்னொருவருக்குக் கொடுக்கப்படுமா, ஒரே ஆள் ஒரே மாதத்தில் இரண்டு காண்ட்ராக்டரிடம் இருக்க முடியுமா என்ற கேள்விகளுக்கு விடை அவர்களிடம் இருக்கிறது. கேட்க ஆகும் நேரம் மிகக் குறைவு. மென்பொருள் வாங்கும் முதலாளிகளே, இந்தக் கேள்விகளைக் கேட்காமலே நிரல் எழுதிக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தொழிலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் யு.ஏ.என்.ஐ வைத்து உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடும், வேலைக்குச் சேர்ந்த தேதி உங்கள் நினைவோடும் ஒத்துப்போகின்றனவா, ஒவ்வொரு மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது பிசகியிருந்தால், வேலையில் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.