இல்லாதது கசியாது

தொட்டியைக் கழுவி முடித்தாயிற்று. தூசி உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று, மேலே இருந்த காற்றுப்போக்கியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக் கட்டினார்கள். நல்ல வெயில். திடீரென்று ஒரு மழை. தொட்டி குளிர்ந்தது, உள்ளே இருந்த காற்று சுருங்கியது, வெளிக்காற்று நுழைய வழியில்லை. அவ்வளவு பெரிய தொட்டி, காலில் மிதிபட்ட தகர டப்பாபோல நசுங்கிப்போனது.

ரசாயன ஆலைக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னவர் டிரெவர் கிளெட்ஸ். சொல்லிவிட்டு ஒரு கணக்கும் போடுவார். சாதாரணச் சேமிப்புத் தொட்டி ஒன்று இரண்டரை அங்குலத் தண்ணீர் அளவு வெற்றிடத்தைத் தாங்கும்படிதான் கட்டப்படுகிறது. அதாவது, ஒரு கோப்பைத் தேநீரின் அடியில் இருக்கிற அழுத்தம். அதற்குச் சற்று மேலே போனாலும் தொட்டி கதி அதோகதி. இதைப் படித்த பிறகு டீக்கடையில் கிளாஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

கிளெட்ஸ் 1922 அக்டோபரில், இங்கிலாந்தின் டார்லிங்டனில் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லிவர்பூலில் வேதியியல் படித்து, 1944-ல் ஐ.சி.ஐ. ரசாயன நிறுவனத்தில் சேர்ந்தார். ஆராய்ச்சி, பிறகு உற்பத்தி என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. 1968-ல் அவரைப் பாதுகாப்பு ஆலோசகராகப் போட்டார்கள். ஆலையை நடத்திய ஆளை அந்த நாற்காலியில் உட்காரவைப்பது அன்றைக்கு வழக்கமில்லை. பாதுகாப்பு என்றால் ஹெல்மெட், பூட்ஸ், சுவரில் ஒரு போஸ்டர் என்று இருந்த காலம்.

அவர் போஸ்டர் ஒட்டவில்லை. விபத்துகளைக் கதையாக எழுதி ஆலைக்குள் மாதாமாதம் சுற்றுக்கு விட்டார். ஊழியர்களைக் கூட்டி உட்காரவைத்து, நடந்ததைப் படமாகக் காட்டி, 'ஏன் இப்படி ஆனது?' என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைத்தார்.

1985-ல் வந்த அவருடைய புகழ்பெற்ற விபத்துத் தொகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு பம்பு வருகிறது. பழுதுபார்ப்புக்காகப் பல நாளாகக் காத்துக்கிடந்த பம்பு. காலை எட்டு மணிக்குப் பெர்மிட் கொடுத்தார்கள். மூடியைக் கழற்றியதும் கொதிக்கும் எண்ணெய் பீறிட்டுத் தானாகவே பற்றிக்கொண்டது. மூன்று பேர் இறந்தார்கள், ஆலையே போயிற்று. இடிபாட்டில் பார்த்தால் பம்புக்கு எண்ணெய் வரும் வால்வு திறந்திருந்தது. மூடியைக் கழற்றும் முன் எண்ணெயை வடித்துவிடத் திறந்திருக்க வேண்டிய வால்வு மூடியிருந்தது. பெர்மிட் கொடுத்தவர் கவனிக்கவில்லை என்று ஃபைலை மூடிவிடலாம். கிளெட்ஸ் மூடவில்லை. விபத்துக்குக் காரணம் மனிதத் தவறு என்பது, மாடியிலிருந்து விழுந்தவனுக்குப் புவியீர்ப்பு காரணம் என்பதைப்போல. உண்மைதான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வால்வைப் பூட்டிச் சாவியைத் தனியே வை, குழாய்க்கு நடுவில் இரும்புத் தகட்டைச் செருகு என்பதுதான் அவர் பதில்.

1988 ஜூலையில் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். அங்கேயும் பராமரிப்பில் இருந்த ஒரு பம்புதான். அதன் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த செய்தி அடுத்த ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை.

கிளெட்ஸின் சிந்தனையைத் திருப்பியது இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில் நடந்த விபத்து. 1974 ஜூன் 1. நைலானுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலையில் ஆறு கலன்கள் வரிசையாக இருந்தன. ஐந்தாவதில் விரிசல் கண்டது. அதைக் கழற்றிவிட்டு, நாலையும் ஆறையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். அதற்கு முறையான வரைபடம் கிடையாது, பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுதான். குழாய் பிய்த்துக்கொண்டது. 28 பேர் பலி. சனிக்கிழமையாக இருந்ததால் அத்தோடு போயிற்று.

எல்லோரும் அந்தக் குழாயைத் திட்டினார்கள். கிளெட்ஸ் கேட்ட கேள்வி வேறு: பற்றி எரியும் திரவத்தை இவ்வளவு டன் எதற்காக ஆலைக்குள் வைத்திருந்தார்கள்? ஒரு சுற்றில் கொஞ்சம்தான் பொருளாக மாறும், மிச்சம் மறுபடி மறுபடி சுற்றிக்கொண்டிருக்கும். மாற்றத்தின் அளவைக் கூட்டினால் இருப்பைக் குறைக்கலாமே? 1977 டிசம்பரில் இதையே ஓர் உரையாகப் பேசினார். உன்னிடம் இல்லாதது கசியாது என்பதுதான் தலைப்பு. புலியைக் கூண்டில் அடைத்துக் காவல் போடுவது ஒரு வழி. புலிக்குப் பதில் ஆட்டை வளர்க்க முடியுமா என்று யோசிப்பது இன்னொரு வழி. அவர் இரண்டாவது கட்சி.

அந்த உரைக்கு ஏழு வருடம் கழித்து போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி, 610-ஆம் எண் தொட்டியிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. அதைக் குளிரவைக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துத் தள்ளும் கோபுரமும் வேலையில் இல்லை. இதெல்லாம் நமக்குத் தெரிந்த கதை. கிளெட்ஸ் சுட்டிக்காட்டியதுதான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த நஞ்சு ஆலைக்காரர்கள் விற்ற சரக்கும் அல்ல, வாங்கிப் போட்ட மூலப்பொருளும் அல்ல. நடுவில் உண்டாகும் பொருள். சேர்த்து வைத்தால் வசதி, அவ்வளவுதான். உண்டாக உண்டாகவே அடுத்த கட்டத்துக்கு அனுப்பியிருக்கலாம்.

1982-ல் ஓய்வு என்று பெயர். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பாடம், ஊர் ஊராகப் பேச்சு, வரிசையாகப் புத்தகங்கள். 2013 அக்டோபர் கடைசியில் இறந்தபோது 91 வயது. பெரிய சூத்திரம் எதையும் விட்டுப்போகவில்லை. அவர் எழுத்தை ஃபோர்மேனும் படிக்கலாம், நிர்வாக இயக்குநரும் படிக்கலாம்.

கடைசிவரை அவர் ஓயாமல் அடித்துக்கொண்டது மறதியைப் பற்றித்தான். நிறுவனத்துக்கு ஞாபகம் கிடையாது, ஞாபகம் ஆட்களுக்குத்தான், அவர்களோ வேறிடம் போய்விடுகிறார்கள் என்பார். அதனால் ஒவ்வொரு விதியின் பக்கத்திலும், எந்த விபத்துக்குப் பிறகு அது வந்தது என்று எழுதிவைக்கச் சொன்னார். எழுதாவிட்டால் என்ன ஆகும்? பத்து வருடம் கழித்துச் செலவைக் குறைக்க வரும் புது எஞ்சினியர் குழாய் வரிசையைச் சுற்றிப் பார்ப்பார். ஒரு வால்வின் முன் நின்று, "இது எதுக்குங்க இங்கே?" என்று கேட்பார். பதில் தெரிந்தவர் ரிட்டையராகி ஊருக்குப் போயிருப்பார்.